ஒரு கரண்டிக்குப் பதினைந்து கிராமா?

"ஒரு மேசைக்கரண்டி = 15 கிராம்" என்று ஒரு படம் பல காலமாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓரமெல்லாம் ரோஜாப்பூ, மூலையில் ஒரு கேக், நடுவில் கட்டம் கட்டிய கணக்கு. "என்னிடம் தராசு இல்லை, கிராமைக் கரண்டியில் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், உடனே நாலு பேர் இதைத்தான் அனுப்புவார்கள். எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பதினைந்து என்பது தண்ணீருக்குச் சரி. வெண்ணெய்க்கு 14, ஒத்துக்கொள்ளலாம். எண்ணெய்க்குப் பதின்மூன்றரை. ஆனால் மைதாவைக் கரண்டியில் எடுத்துக் கத்தியால் நிரவினால் 8 கிராம்தான் நிற்கும். சீனி 12½, தேன் 21, கோகோ பவுடர் ஐந்திலிருந்து ஏழுக்குள். கரண்டி ஒன்றுதான், உள்ளே போகிற பொருளைப் பொறுத்து எடை நாலு மடங்கு வரை மாறுகிறது. இத்தனையையும் ஒரே எண்ணில் அடக்கி, அதற்கு ரோஜாப்பூ வேறு!

பர்மாவில், ரங்கூனில் வீட்டிலிருந்தே ஆர்டருக்குக் கேக் செய்கிறவள் நான், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து. அதனால் அந்தப் படத்தின் மேல் எனக்கிருந்தது தொழில்காரியின் கோபம். தப்பு என்றால் தப்புதான், இதில் பேச என்ன இருக்கிறது என்று இருந்தேன். மோல்மீனில் இருக்கும் அக்கா, பெரியம்மா மகள், தீபாவளிக்கு ஒரு கேக் செய்தாள். அதற்கப்புறம் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை.

செய்முறை சென்னைக்காரர் ஒருவருடையது. மைதா 240 கிராம், சீனி 200, வெண்ணெய் 200, முட்டை 4. அக்கா வீட்டில் தராசு கிடையாது. அளவுக்கரண்டிகள் ஒரு வளையத்தில் கோத்த பிளாஸ்டிக் கோர்வை ஒன்று இருந்தது, அந்தப் படமும் இருந்தது. சாயந்திரம் போன் வந்தது.

"ஏண்டி, நான் ஒண்ணும் கண்ணளவுல போடல. 240-ஐப் பதினஞ்சால வகுத்தா 16. பதினாறையும் எண்ணி, கத்தியால நிரவித்தான் போட்டேன். நடுவுல குழி விழுந்து, அடியில எண்ணெயா நிக்குது."

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நிரவிய பதினாறு கரண்டி மைதா 128 கிராம்தான் வரும், கேட்ட அளவில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். சீனி பதின்மூன்று கரண்டி, சுமார் 160 கிராம். வெண்ணெய் பதின்மூன்று கரண்டி, சுமார் 180. முட்டையை யாரும் கரண்டியில் அளப்பதில்லை, ஆகவே நாலும் முழுசாக விழுந்துவிட்டது. கேக் நிமிர்ந்து நிற்கத் தெம்பு தருவது மாவிலுள்ள மாச்சத்தும் முட்டையும். வெண்ணெயும் சீனியும் அதை இளக்குகிறவை. மாவு பாதியாகி மற்றவை அப்படியே நின்றால், ஓவனுக்குள் ஊதி எழும்பும், வெளியே எடுத்ததும் உட்கார்ந்துவிடும், தாங்க ஆளில்லாத வெண்ணெய் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால்கூட சின்னதாக ஒரு நல்ல கேக் கிடைத்திருக்கும். பொருளுக்குப் பொருள் வேறு வேறாகக் குறைவதுதான் வம்பு.

இதையெல்லாம் விளக்கி, "அந்தப் படத்தை முதல்ல அழிச்சிரு அக்கா" என்று முடித்தேன். அக்கா அசரவில்லை.

"அது இருக்கட்டும். எதிர்வீட்டு அம்மாவும் அதே படத்தைப் பார்த்து, அதே கேக்கைத்தானே செஞ்சாங்க? அவங்களுக்கு எப்படி அவ்ளோ நல்லா வந்துச்சு?"

எதிர்வீட்டு அம்மாவின் கை

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எதிர்வீட்டு அம்மா மோன் இனத்தவர். கேக்குக்குப் புதியவர், ஆனால் அடுப்படிக்குப் புதியவரல்ல, ஒரு காலத்தில் காலைக்கடை போட்டு மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்றவர். படம் தப்பென்றால் அவருக்கும் குழி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அக்காவும் ஒரு துண்டு சாப்பிட்டிருக்கிறாள், சும்மா சொல்கிறவள் இல்லை. ராத்திரி முழுக்க இது என்னை அரித்தது. ஓவன் வேறாக இருக்குமா, முட்டை பெரிதாக இருக்குமா என்றெல்லாம் யோசித்தேன். எதுவும் 110 கிராம் மாவை ஈடுகட்டாது.

மறுநாள் வீடியோ அழைப்பில் அந்த அம்மாவையும் உட்கார வைத்து, "கேக் வேண்டாம், ஒரு கரண்டி மாவு மட்டும் அள்ளிக் காட்டச் சொல்லு" என்றேன். அவரிடம் இருந்தது பழைய எவர்சில்வர் சூப் கரண்டி. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் அதுவும் 15 மில்லிதான், அக்காவின் பிளாஸ்டிக் கரண்டிக்குச் சமம். ஆக வித்தியாசம் கரண்டியில் இல்லை. அந்த அம்மா மாவு டப்பாவுக்குள் கரண்டியைச் சாய்த்து ஒரே குத்தாகக் குத்தினார். மேலே வந்தபோது கரண்டியின் விளிம்பே தெரியவில்லை, மாவு மேடுதான் தெரிந்தது. டப்பாவின் ஓரத்தில் ஒரே ஒரு தட்டு. தளர்வாக ஒட்டியிருந்தது உதிர்ந்தது, மேடு அப்படியே நின்றது. பக்கத்தில் அக்கா தன் கரண்டியை மெதுவாக நிரப்பி, கத்தியின் முதுகால் இழுத்து நிரவிக் காட்டினாள். அந்த அம்மா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

நான் இங்கே என் தராசில் அவரைப்போல அள்ளிப் பார்த்தேன். 14, 16, ஒரு தடவை 18. சுமாராகப் பதினைந்து! சீனியையும் அவர் அப்படித்தான் அள்ளுகிறார், ஆனால் சீனி மைதாவைப்போல மேடாக நிற்காது, சரிந்து ஓடிவிடும். கொஞ்சம் தலை தூக்கிய கரண்டிதான் கிடைக்கும், அதுவும் பதினைந்துக்குப் பக்கத்தில். வெண்ணெயை வழித்து எடுப்பதால் பதினைந்துதான். எனக்கு எரிச்சலூட்டிய அந்தப் படம் அவர் கையில் ஏறக்குறைய முழு உண்மையாக இருந்தது. நிரவச் சொல்லி இன்னொரு காணொளியில் கற்றுக்கொண்டு, அந்த நல்ல பழக்கத்தை இந்தக் கணக்கோடு சேர்த்ததுதான் அக்கா மாட்டிக்கொண்ட இடம்.

அந்தப் படத்தை முதலில் எழுதியவரும் குவித்து அள்ளுகிறவராக இருந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். கரண்டி என்றால் நிரவிய கரண்டி என்பது வானத்திலிருந்து விழுந்த விதியல்ல. பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-ல் வெளியிட்ட சமையல் நூலில் அதை அடித்துச் சொன்னார், அமெரிக்க அடுப்படிகளில் அப்படித்தான் அது நிலைபெற்றது. அதற்கு முன் அங்கேயும் "முட்டை அளவு வெண்ணெய்", "குவித்த கரண்டி மாவு" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் இன்றைக்கும் புளி நெல்லிக்காய் அளவுதான், சாம்பார் அதனால் கெட்டுப்போவதில்லை. இதிலே ஆஸ்திரேலியாக்காரர்கள் வேறு, அவர்கள் மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. ஆஸ்திரேலியச் செய்முறையில் மூன்று கரண்டி என்றால் நமக்கு நாலு.

அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அக்கா ஷ்வேஜி சனுவின்மகின் செய்தால் தெருவே வரும். ரவையை வறுத்து, தேங்காய்ப்பால், சீனி, முட்டை, எண்ணெய் சேர்த்துக் கிண்டி, தட்டில் பரப்பி, மேலே கசகசா தூவி, மேலும் கீழும் நெருப்பு வைத்து எடுக்கிற அந்த ரவை கேக்கில் அவள் ஒருநாளும் எதையும் நிறுத்ததில்லை. காரணம், அது முதலில் அடுப்பில் கண்ணெதிரே வேகிறது. இளகினால் இன்னும் கொஞ்ச நேரம் கிண்டலாம், இறுகினால் ஒரு கை தேங்காய்ப்பால் விடலாம். வாணலியை விட்டுச் சுருண்டு வரும்போது நெருப்புக்கு மாற்றலாம். கண்ணும் கையும் கணக்கைத் திருத்திக்கொண்டே போகின்றன. வெண்ணெய் கேக்கில் அந்த வாய்ப்பு இல்லை. மாவு கலந்து ஓவனுக்குள் போனால் போனதுதான். கரண்டிக் கணக்கில் பழகிய நல்ல சமையல்காரர்களே கேக்கில் தடுக்கி விழுவது இதனால்தான்.

வீசையும் பால் டப்பாவும்

சரி, அக்காவுக்கு என்ன சொல்வது? கிராமைக் கரண்டியாக மாற்றி, பொருளுக்கொரு எண் போட்டு, "240 கிராம் மைதா = நிரவிய 30 கரண்டி" என்று எழுதிக்கொடுக்கலாம். கணக்கு சரி. ஆனால் முப்பது கரண்டியை எண்ணுகிற நேரத்தில் யாராவது வாசலில் கூப்பிடுவார்கள், இருபத்திரண்டா இருபத்து மூன்றா என்று நின்றுபோகும். ஒவ்வொரு கரண்டியிலும் அரை கிராம் கூடினாலே 15 கிராம் கூடிவிடும். மழைக்காலத்தில் இங்கே மாவு ஈரம் குடித்துக் கட்டி தட்டும். சலித்த மாவு ஒரு எடை, சலிக்காதது ஒரு எடை. மைதாவைக் கரண்டியால் அளப்பதே வேண்டாத வேலை, இதில் நான் இன்னும் மாறவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. அக்கா வீட்டில்தான் தராசு இல்லை, அக்கா மாவு வாங்குகிற கடையில் இருக்கிறதே! இந்த நாட்டில் சந்தை முழுக்க வீசைக்கணக்குதான். 2013-ல் மெட்ரிக்குக்கு மாறப்போவதாக வர்த்தக அமைச்சகம் சொன்னது, சந்தைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஒரு வீசை 1.633 கிலோ, அதை நூறாகப் பிரித்தால் ஒரு சாட்தா, 16.33 கிராம். (எங்கள் தாத்தாக்கள் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்த வீசை வேறு, நாற்பது பலம், 1.4 கிலோதான். அப்பத்தாவின் பலகாரக் கணக்குகளை இங்கே அப்படியே போட்டால் ஏன் எல்லாம் கூடிப்போனது என்று எங்கள் வீட்டில் ஒரு தலைமுறைக்கே சண்டை நடந்திருக்கிறது.) கடையில் மாவு வாங்கும்போது பத்து சாட்தா, கால் வீசை, அரை வீசை என்று நிறுத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். கட்டி வந்த மாவை டப்பாவில் கொட்டி, மறுபடி கரண்டியால் அளப்பானேன்?

அதனால் கேக்கையே சந்தைக்குத் தக்கபடி மாற்றினேன். பவுண்ட் கேக் என்று ஒன்று 18-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் உண்டு. மாவு, சீனி, வெண்ணெய், முட்டை நாலும் ஒவ்வொரு பவுண்ட், அதனால் அந்தப் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனதில் வைத்துக்கொள்ளலாம், நாலும் சமம். சமம் என்று வந்துவிட்டால் பவுண்ட் என்ன, கிராம் என்ன, சாட்தா என்ன? பத்து சாட்தா மைதா ஒரு பொட்டலம், பத்து சாட்தா சீனி ஒரு பொட்டலம். வெண்ணெய் 200 கிராம் கட்டியாக வருவதால், அதை ஐந்தாகக் கீறி ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் 160, பத்து சாட்தாவுக்கு மூன்று கிராம்தான் குறைவு. முட்டை ஓடு நீக்கி ஒன்று 50 கிராம் என்று வைத்தால் மூன்று, கூட ஒரு கரண்டி பால். அக்காவின் செய்முறையில் மாவு இன்னும் கொஞ்சம் கூட இருந்தது. இது அதைவிடக் கொஞ்சம் கனமாக, மிருதுவாக வரும், டீக்கு இதுதான் நன்றாக இருக்கும்.

இதைப் போட்டுப் பார்த்தபோது கையோடு இரண்டு விஷயம் கிடைத்தது, இங்கே இருக்கிறவர்களுக்குப் பயன்படும். நிரவிய இரண்டு மேசைக்கரண்டி மைதா 16 கிராம், அதாவது ஒரு சாட்தா. அடுத்தது டின்பால் டப்பா. அரிசி அளக்க இன்றைக்கும் அதுதானே? எட்டு டப்பா ஒரு ப்யீ, பதினாறு ப்யீ ஒரு கூடை. அந்தக் காலி டப்பா சுமார் 300 மில்லி கொள்ளும். மைதாவைக் கிளறி உதிர்த்து, கரண்டியால் டப்பாவுக்குள் போட்டு, மேலே நிரவினால் 160 கிராம், பத்து சாட்தா! டப்பாவையே மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 190-ஐத் தொடும், அது கூடாது. அதே டப்பாவில் சீனி 255 கிராம் வரை பிடிக்கும், ஆகவே சீனிக்கு இந்தக் கணக்கு ஓடாது, மூன்றில் இரண்டு பங்கு டப்பாவுக்குச் சற்றுக் குறைவாக எடுக்க வேண்டும். பொட்டலம் பிரிந்து சிந்திவிட்டால் மட்டும் டப்பாவுக்குப் போ, இல்லையென்றால் கடைத் தராசே போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

சின்ன அளவுக்குத் தராசு உதவாது

மறுபக்கமும் ஒன்று உண்டு. கிராம் பைத்தியம் பிடித்தவர்கள் பேக்கிங் பவுடரையும் ஆப்பச்சோடாவையும்கூடக் கிராமில் எழுதுகிறார்கள். "சோடா 2 கிராம்." தெயின்ஜி சந்தையில் நான் வாங்கிய தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அதன் மேல் சோடாவை மெல்லத் தூவினால் ரொம்ப நேரம் பூஜ்யத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று விழித்து 3 என்று காட்டும். இரண்டு கிராமில் ஒரு கிராம் தவறினால் பாதிக்குப் பாதி தவறு. 240 கிராம் மைதாவில் அதே ஒரு கிராம் யாருக்குத் தெரியப் போகிறது? ஆகவே இந்தப் பொடிகளுக்குக் கரண்டிதான் தராசைவிட நம்பிக்கை, அதுவும் நிரவிய தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் நாலு கிராமுக்கு மேல், சோடா ஐந்துக்குக் கொஞ்சம் கீழே, தூள் உப்பு 6, உடனடி ஈஸ்ட் 3. ஈஸ்ட் 7 கிராம் என்று கண்டால் இரண்டேகால் தேக்கரண்டி என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தத் தேக்கரண்டி? அக்காவின் கோர்வையில் மேசைக்கரண்டி இருக்கிறது, தேக்கரண்டி எப்போதோ உடைந்து காணாமல் போய்விட்டது. அவள் எடுப்பது டீ கலக்குகிற கரண்டி. மருந்துக்கடையில் ஊசி இல்லாத ஐந்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கச் சொன்னேன். அதில் தண்ணீர் உறிஞ்சிக் கரண்டியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போய், வழிகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தால் மூன்றரை மில்லி. பத்து சாட்தா மாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போதும். அவள் கரண்டியில் அதை ஒன்றரையாகப் போட வேண்டும். இந்த சிரிஞ்ச் வேலையை எல்லோரும் ஒரு தடவை செய்து பார்க்கலாம், செலவும் ஒன்றுமில்லை. அளவுக்கரண்டி என்று விற்கிறதையும் அப்படிச் சோதியுங்கள். கைப்பிடியில் 5 என்று அச்சடித்துவிட்டு உள்ளே நாலரை கொள்கிற கோர்வை ஒன்று என்னிடமே இருக்கிறது.

கோகோவுக்கும் ஒரு வழி. சாக்லெட் கேக் வேண்டுமானால் பத்து சாட்தா மாவிலிருந்து மூன்று கரண்டியை எடுத்துவிட்டு, அதே கரண்டியால் மூன்று கோகோ போட்டால் போதும். எடை அப்படியே ஒத்துவராது, கோகோ கொஞ்சம் இலேசு, ஆனால் அது மைதாவைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும் என்பதால் அந்தக் குறைவு நல்லதுதான். இங்கே கிராமைத் தேடிப் போவது வெட்டி வேலை.

அக்காவின் கேக் வந்தது. முதலில் வந்தது கொஞ்சம் சிவந்துவிட்டது, அது ஓவனின் குணம், அளவின் குணமல்ல. கடைக்காரர்தான் "கேக்குக்கா பத்து பத்தா கட்டச் சொல்றீங்க, கால் வீசையா வாங்கிட்டுப் போங்களேன்" என்று முணுமுணுத்தாராம். எதிர்வீட்டு அம்மா தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை. அவர் கைக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள கணக்கு தீர்ந்த கணக்கு.

ஆனால் இப்போது கிறிஸ்துமஸுக்குத் தெருவில் நாலைந்து வீட்டிலிருந்து அக்காவிடம் கேக் கேட்டிருக்கிறார்கள், காசுக்கு. மாவையும் சீனியையும் கடைக்காரர் நிறுத்துக் கொடுத்துவிடுவார். முட்டையில்தான் இடிக்கிறது. ஒரு வாரம் வருவது சின்ன நாட்டுக்கோழி முட்டை, மறுவாரம் பெரியது, ஒரு தடவை பாதிக்குப் பாதி வாத்து முட்டையே வந்தது. உடைத்த முட்டையைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கடைக்கு நிறுக்கப் போக முடியாது. விற்கிற கேக் ஒரு வாரம் உயரமாகவும் மறுவாரம் தட்டையாகவும் இருந்தால் யார் திரும்பி வருவார்கள்? ஒரு தராசு வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"பேட்டரியும் நாலு சேத்து அனுப்புடி" என்றாள். "இங்க விக்கிறது ஒரு வாரம்கூடத் தாங்காது."